வெல்டிங்குக்கு நல்ல நேரம்

மலேசியாவில், ஈப்போவிலிருந்து லகாட் போகும் சாலையில் இருக்கும் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் ஆலோசக ஆசிரியை. அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு டிஷ்யூ கொடுப்பது, அடித்துக்கொண்டவர்களைப் பிரித்து உட்காரவைப்பது, பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடிக்கப்போகிறவர்களுக்கு எந்தத் தொழிற்பயிற்சி ஒத்துவரும் என்று பார்த்துச் சேர்த்துவிடுவது, இவைதான் என் வேலை. முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். மூன்றாவதில் எனக்குக் கர்வம் உண்டு. கல்யாணத் தரகர்களுக்கு இருக்கிற அதே கர்வம்தான். ஒரு பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே இது மோட்டார், இது சமையல், இது கரண்டு வேலை என்று என் மனது சொல்லிவிடும். எத்தனை முறை தப்பாகச் சொன்னது என்று நான் எழுதி வைத்ததில்லை. அதனால் கர்வத்துக்கு இதுவரை ஒரு சேதமும் இல்லை.

ஆனாலும் மேலிடம் என் மனதை நம்பாது. அதற்கு ஒரு தேர்வு உண்டு. எண்பது வாக்கியங்கள் இருக்கும். ‘செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் பிடிக்கும்’, ‘ஏணியில் ஏறப் பிடிக்கும்’, ‘மாவு பிசையப் பிடிக்கும்’ என்ற ரீதியில் போகும். ஆமாம், இல்லை என்று குறித்தால் போதும். விடைகளைக் கூட்டிப் பார்த்தால் பிள்ளை எந்தத் துறைக்குப் பொருந்தும் என்று தெரிந்துவிடும். தாளை விநியோகித்துவிட்டு, “இதுல சரி தப்பு கிடையாது. மனசுல பட்டத எழுதுங்க” என்றேன்.

வகுப்பு மொத்தமும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. சரி தப்பு இல்லாத தேர்வை அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. “எத்தன மார்க் எடுத்தா பாஸ் டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். போன வருஷத்துக் கேள்வித்தாள் கிடைக்குமா என்று இன்னொருத்தன் கேட்டான். அன்று மாலை ஓர் அப்பா போன் செய்து, இந்தப் பாடத்துக்கு எங்கே டியூஷன் நடக்கிறது என்று விசாரித்தார். அவருக்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். நான் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை.

விடைத்தாள்களைத் திருத்தும்போது கடைசி வரிசையில் ஓர் அதிசயம் நடந்திருந்தது. அங்கே உட்காரும் ஐந்து பெண்களுக்கும் மாவு பிசையப் பிடித்திருந்தது. ஐவருக்கும் ஏணி பிடிக்கவில்லை. எண்பதிலும் ஒரே விடை. இருபது வருஷ அனுபவமுள்ள நான் இதைப் பார்த்து என்ன நினைத்திருக்க வேண்டும்? ஒத்த மனமுள்ள பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து உட்காருகிறார்கள் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். ஐந்து பேருக்கும் கேக், ரொட்டிப் பயிற்சி என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அந்த மாதமே அவர்களை ஒரு தொழிற்பயிற்சிக் கழகத்தில் மாணவர்கள் வந்து பார்க்கிற திறந்தநாளுக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனேன். கேக் கூடத்தில் ஒரு பயிற்றுநர் கிரீமைப் பிழிந்து ரோஜாப்பூ செய்துகொண்டிருந்தார். என் பெண்கள் முன்வரிசையில் நின்றிருந்தார்கள். எண்ணினேன், நான்கு பேர்தான் இருந்தார்கள். கழிப்பறையில் தேடினேன், கண்டீனில் தேடினேன். திட்டுவதற்கான வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டே கடைசியில் வெல்டிங் பட்டறைக்கு வந்தேன். அங்கே வேறு பள்ளிப் பையன்கள் வட்டமாக நின்று சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் முகக்கவசமும் பெரிய கையுறையும் போட்ட ஓர் உருவம் குனிந்து இரும்பில் பொறி பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. கவசத்துக்குப் பின்னால் தொங்கிய பின்னலில் எங்கள் பள்ளி ரிப்பன் இருந்தது.

பட்டறையின் மலாய்க்காரப் பயிற்றுநர் என்னைத் தனியாக அழைத்து இரண்டு இரும்புத் துண்டுகளைக் காட்டினார். ஒன்று பையன்கள் பற்றவைத்தது. காக்கை எச்சமிட்டதுபோல் அங்கங்கே திட்டாக இருந்தது. மற்றது அவளுடையது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கோடு, ஒரே கனம். கவசத்தைக் கழற்றிவிட்டு வந்த அவளிடம், “வீட்டில் யார் வெல்டர்?” என்று கேட்டார். யாரும் இல்லை என்றாள். பிறகு எப்படிக் கை ஆடாமல் இருக்கிறது என்று கேட்டார். தீபாவளி சமயத்தில் ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடை வாசலில் உட்கார்ந்து மருதாணி போட்டுவிடுவதாகச் சொன்னாள். மருதாணிக் கூம்பைப் பிடித்தபடி மூன்று மணி நேரம் கோடு இழுப்பாளாம். கை ஆடினால் வாடிக்கையாளர் கத்துவார்களாம். அந்த மனிதர் அவளுடைய துண்டை இன்னொருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், இனிமேல் மருதாணி போடுகிறவர்களை எல்லாம் தன்னிடம் அனுப்பிவிடும்படி சொன்னார்.

பஸ்ஸில் அவளை என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

“வெல்டிங் இவ்வளவு புடிக்கும்னா, மாவு புடிக்கும்னு ஏன்டி எழுதுன?”

“பக்கத்துல பாத்து எழுதிட்டேன் டீச்சர்.”

“உனக்கு என்ன புடிக்கும்னு கேட்டதுக்கு, அடுத்தவ தாளப் பாத்து எழுதுவியா?”

“தப்பாப் போயிரக் கூடாதுல்ல டீச்சர்.”

பக்கத்துப் பெண் அதற்கடுத்த பெண்ணைப் பார்த்து எழுதியிருந்தாள். விசாரணை வரிசையின் கடைசிவரை போனது. கடைசிப் பெண்ணுக்கு நிஜமாகவே மாவு பிசையப் பிடிக்கும். அவள் ஒருத்திக்குப் பிடித்தது ஐந்து பேரின் எதிர்காலமாக என் சிவப்பு மையில் ஏறியிருந்தது. அன்று நான் என்னைத் திட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

வெல்டிங் பயிற்சி இரண்டு வருஷம், விடுதியும் உண்டு. இடங்கள் மிகக் குறைவு. விண்ணப்பம் இணையத்தில்தான் செய்ய வேண்டும். அந்தக் கழகத்தின் அலுவலகம் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக மதியம் பன்னிரண்டே காலுக்கு மூடும்போது விண்ணப்பப் பக்கமும் மூடிவிடும். அடுத்து வரும் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பெற்றோரின் கைபேசிக்கு ஆறு எண்கள் வரும், அதை அந்த விண்ணப்பப் பக்கத்தில் தட்டினால்தான் விண்ணப்பம் உள்ளே போகும். தவறவிட்டால் அடுத்த வருஷம்தான்.

“அடுத்த வருஷம்லாம் நடக்காது டீச்சர்” என்றாள் அவள். பரீட்சை முடிந்த மறுவாரமே ஜெலாப்பாங்கில் அம்மா வேலை பார்க்கும் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் அவளையும் சேர்ப்பதாக ஏற்பாடு. மாமா அங்கே சூப்பர்வைசர். “ஒரு தடவ உள்ள போயிட்டா அப்புறம் நான் வெளிய வரமாட்டேன். எனக்கே தெரியும்.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் வழக்கம்போல் டிஷ்யூ கொடுத்து அனுப்பியிருப்பேன். இப்படிச் சொன்னதுதான் என்னை உறுத்தியது.

திங்கட்கிழமை அவளுடைய அம்மாவைப் பள்ளிக்கு வரச்சொன்னேன். நாற்பது வயதுக்குள் இருக்கும். அந்தச் சுற்றின் கடைசி இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். அப்பா லாரியில் ஜொகூர் பக்கம் போயிருப்பதால் முடிவு எல்லாம் அம்மாவுடையதுதான். நான் பேசியதை மரியாதையாகக் கேட்டுவிட்டு, “பொம்பளப் புள்ள டீச்சர்” என்றார்.

“தெரியும்மா.”

“இருவது பையனுங்க இருக்கற எடத்துல இவ ஒருத்தி. அதுவும் நெருப்புக்கிட்ட. கறுத்துப் போயிரும்லா. அப்புறம் யாரு கட்டுவா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “முகத்துக்குக் கவசம் போடுவாங்கம்மா. வெயில்ல நெட்பால் விளையாடறதுலதான் இத விடக் கறுப்பா.”

“அப்ப நெட்பாலையும் நிறுத்திரலாம் டீச்சர்.”

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அவள் பள்ளிக் குழுவில் ஆடுகிறவள்.

வாயை நம்பாமல் கைபேசியை எடுத்து, பட்டறையில் நான் பிடித்திருந்த வீடியோவைக் காட்டினேன். அம்மா ஒருமுறை பார்த்தார். வாங்கி வைத்துக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார். மூன்றாவது முறை அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். “எங்க வீட்டு கேட்டு ஆறு மாசமா ஒத்தக் கீல்ல தொங்குது டீச்சர். வெல்டிங்காரரு இன்னிக்கு வாரேன், நாளைக்கு வாரேன்னு ஏமாத்திக்கிட்டு இருக்காரு. அவரு போட்டதே இவ்வளவு நேரா இருக்காது” என்றார். மகளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “நீயா போட்ட?”

அத்துடன் சம்மதம் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. “நம்பர நல்ல நேரம் பாத்துத்தான் கொடுப்பேன் டீச்சர்.” அதற்கென்ன, கொடுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். எங்கள் வீட்டிலும் காலண்டர் தொங்குகிறது. இருந்தும் அந்த வாரத்தை அதில் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய் ஏற்கெனவே செவ்வாய், அதற்கு மேல் அஷ்டமி. புதன் நவமி. வியாழன் கரிநாள். இவை மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கென்றே வந்து நின்றன. ஒவ்வொரு நாளும் காலையில் போன் செய்வேன். ஒவ்வொரு நாளும் அம்மா, “வெள்ளிக்கெழம அருமையான நாளு டீச்சர். ஒம்போதே காலுலேருந்து பத்தே கால்” என்பார். கடைசி நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறினால் அந்தப் பக்கம் படுத்துவிடும் என்று நானும் ஒவ்வொரு நாளும் சொன்னேன். இரண்டு பேரும் அவரவர் நிலையில் உறுதியாக இருந்தோம்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். குளித்து, மஞ்சள் சேலை கட்டி, கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். கையில் திருநீற்றுப் பொட்டலம். மகளுக்குப் பூசினார், எனக்குப் பூசினார், என் கணினிக்கும் கொஞ்சம் பூசினார். அந்தக் கணினிக்கு அது தேவைதான். சரியாக ஒன்பதே காலுக்குப் பக்கத்தைத் திறந்தேன். திரையின் நடுவில் ஒரு வட்டம் சுழல ஆரம்பித்தது.

ஒன்பதே முக்காலுக்கும் சுழன்றுகொண்டிருந்தது. பத்து மணிக்கு முதல் பகுதி திறந்தது, அடையாள அட்டை எண்ணைத் தட்டினேன். பத்தே காலுக்கு என்னை வெளியே தள்ளிவிட்டது. மறுபடி நுழைந்தேன். பத்து முப்பத்து நாலுக்கு அம்மாவின் கைபேசி ‘டிங்’ என்றது. ஆறு எண்கள் வந்துவிட்டன. நான் விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டு, “சொல்லுங்கம்மா” என்றேன்.

அம்மா கைபேசியை மடியில் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“ராகு காலம் வந்திருச்சு டீச்சர்.”

“ம்மா...”

“பன்னெண்டோட முடிஞ்சிரும். பன்னெண்டே கால் வரைக்கும் தொறந்திருக்கும்லா? பன்னெண்டு அடிச்சதும் சொல்லிர்றேன்.”

எண்ணை மறுபடி அனுப்பச் சொல்ல ஒரு பொத்தான் இருந்தது. அதனால் பன்னிரண்டு வரை அந்தப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். நியாயமாகப் பார்த்தால் காத்திருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வட்டத்தை நம்பி பதினைந்து நிமிஷத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையை வைப்பதா என்று எனக்குப் பதறியது. அப்போதுதான் சுவரில் பார்த்தேன், ஈப்போ மளிகைக்கடை ஒன்று கொடுத்த காலண்டர். அதில் ராகு காலம் நம்மூர் சூரியனுக்குக் கணக்கிட்டுப் போட்டிருந்தது.

எனக்குள் இருந்த வாத்தியார் எழுந்துகொண்டார். மேசையில் யாரோ கொடுத்த பம்பளிமாஸ் பழம் ஒன்று இருந்தது. அதைப் பூமியாக வைத்துக்கொண்டு, கைபேசி விளக்கைச் சூரியனாகப் பிடித்து விளக்கினேன். “உங்க காலண்டர் தமிழ்நாட்டுக்குப் போட்டதும்மா. அங்க ஆறு மணிக்கே விடிஞ்சிரும். நமக்கு ஏழுக்கு மேலதான் விடியுது. அப்ப நமக்கு ராகு காலமும் தள்ளித்தான் வரும். இங்க பாருங்க, பதினொன்னு நாப்பதுலேருந்து ஒன்னு பத்து. இப்ப மணி பத்து அம்பதுதான். இது நல்ல நேரம்!”

அம்மா பம்பளிமாஸைக் கவனமாகப் பார்த்தார். காலண்டருக்குப் பக்கத்தில் போய் எழுத்துக் கூட்டிப் படித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். முகத்தில் பெரிய கவலை.

“இது தெரியாம இத்தன வருஷம் இருந்துட்டேனே. அப்ப ரெண்டையும் பாக்கணும் டீச்சர். எதுக்கு வம்பு? ஒன்னு பத்துக்கு மேல கொடுத்திரலாம். அது வரைக்கும் தொறந்து வைக்கச் சொல்லி ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க.”

பத்தரையிலிருந்து ஒன்று பத்து வரை முழுவதும் ராகு காலமாகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்திருக்கும். அந்தப் பெண் பம்பளிமாஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, கோபத்தில் வருகிற அழுகை.

கெஞ்சினேன். பரிகாரம் இருக்குமா என்று கோயில் ஐயருக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை பூஜை, எடுக்கவில்லை. கழகத்துக்குப் போன் போட்டேன். மூடுகிற நேரம் மூடுகிற நேரம்தான் என்றார்கள். அம்மாவின் மடியிலிருந்து கைபேசியைப் பிடுங்கினால் எனக்கு எவ்வளவு தண்டனை கிடைக்கும் என்றுகூட யோசித்தேன். அம்மாவுக்கும் நிம்மதி இல்லை. மகளுக்குக் கெடுதல் வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கையை எடுக்காமல் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பதினொன்று நாற்பத்தைந்து ஆகிவிட்டது.

அப்போதுதான் அந்தப் பெண் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“மா, உங்கள கம்பெனியில சேத்தப்ப நல்ல நேரம் பாத்தாங்களா?”

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“பாக்காமலா? உங்க தாத்தா ஐயரு வீட்டுக்கு மூனு தடவ நடந்தாரு. தைப்பூசம் முடிஞ்ச மறுவாரம், புதன்கெழம, விடியக்காலையில. அர்ச்சன பண்ணி, தேங்கா ஒடச்சு, வலது கால எடுத்து வச்சுத்தான் உள்ள போனேன். இந்த மாதிரி நேரம் லேசுல அமையாதுன்னு ஐயரே சொன்னாரு...”

அங்கே நின்றுவிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, பிறகு குனிந்துகொண்டு. “பத்தொம்போது வருஷம் டீச்சர்! கிளவுஸ்ல காத்தடிச்சு ஓட்ட இருக்கான்னு பாத்துக்கிட்டு இருக்கேன். அமைஞ்ச நேரம் அப்படி!” நானும் சிரித்துவிட்டேன். சிரிக்கலாமா என்று பாதியில் சந்தேகம் வந்தது. அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைபேசியைத் திருப்பினார்.

“மறுபடி அனுப்பச் சொல்லுங்க.”

எண்கள் வந்தன. அம்மா படித்தார். அவசரத்தில் நான் மூன்றாவது எண்ணைத் தப்பாகத் தட்டினேன். மறுபடி வந்தன, மறுபடி தப்பு. அந்தப் பெண் என் நாற்காலியை மெல்ல ஒதுக்கிவிட்டு, நின்றபடியே ஆறையும் தட்டினாள். வட்டம் சுழன்றது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. அம்மாவின் காலண்டரும் என் காலண்டரும் சேர்ந்து ராகு காலம் என்று ஒப்புக்கொள்கிற அந்த இருபது நிமிஷத்துக்குள் சரியாகப் போய் விழுந்திருந்தோம். கணக்கு எனக்கு உடனே தெரிந்தது. ஆனால் அன்று ஒரு பாடம் படித்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், அவளுக்கு இடமும் கிடைத்தது. அதெல்லாம் பிறகு. அன்று அவள் அம்மாவை ஒருதரம் இறுக்கிக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடிவிட்டாள். அம்மா உடனே கிளம்பவில்லை. திருநீற்றுப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தார். அதை எடுத்து மறுபடி மடித்தார்.

“டீச்சர், எனக்குன்னா என்ன கோர்ஸ் சொல்லியிருப்பீங்க?”

விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்து, விளையாட்டாக ஒன்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு வாரமாகப் போனிலும் நேரிலும் பேசிய மனுஷியை நான் ஒரு கையெழுத்தாக மட்டும்தான் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பிள்ளைகளைக் கேட்கிற கேள்வியையே கேட்டேன்.

“உங்களுக்கு என்னம்மா புடிக்கும்?”

அம்மா சிரித்தார். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே தேடினார். நான் அவசரப்படுத்தவில்லை.

“தெரியலயே டீச்சர்” என்றார் கடைசியில். “இது வரைக்கும் யாரும் கேட்டதில்லயா, அதான். யோசிச்சு சொல்றேன்.”

கடிகாரத்தைப் பார்த்தார், இரண்டு மணி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துகொண்டார்.